பாலம் இல்லாத பாலச் சண்டை

பெறுநர்: திரைப்படக் கலை, அறிவியல் அகாடமி (ஆஸ்கர் விருது வழங்குவோர்), கலிஃபோர்னியா.

பொருள்: மெல் கிப்சன் இயக்கி நடித்த ‘பிரேவ்ஹார்ட்’ (1995) படத்துக்கு 1996-இல் வழங்கப்பட்ட ஐந்து விருதுகள், காணாமற்போன பாலம் ஒன்று தொடர்பாக.

ஸ்டெர்லிங் பாலச் சண்டை 1297 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ஆற்றங்கரையில் நடந்தது. ஆற்றின் மேல் இருந்தது குறுகலான மரப்பாலம். இரண்டு குதிரைகள் அருகருகே போனால் அதோடு சரி. சர்ரே பிரபுவின் ஆங்கிலப் படை அதன் வழியே சிறுகச் சிறுக வந்துகொண்டிருக்க, ஸ்காட்லாந்துத் தளபதிகள் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் மேட்டில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தங்களால் சமாளிக்கக்கூடிய அளவு ஆட்கள் கடந்ததும் இறங்கிவந்து பாலத்தின் வாயை அடைத்தார்கள். கடந்தவர்கள் திரும்ப முடியவில்லை, அக்கரையில் நின்றவர்கள் உதவிக்கு வர முடியவில்லை. ஆங்கிலேயக் கருவூல அதிகாரி கிரெசிங்கம் அங்கேயே மாண்டார். சின்னப் படை பெரிய படையை வென்ற சூட்சுமம் முழுவதும் அந்த மரப்பலகைகளில்தான் இருந்தது.

படத்தில் பாலமும் இல்லை, ஆறும் இல்லை. அயர்லாந்தில் படமாக்கப்பட்ட புல்வெளியில் இரு படைகளும் நேருக்கு நேர் ஓடி மோதுகின்றன. சண்டையில் பட்ட காயத்தால் பின்னர் உயிரிழந்ததாகக் கருதப்படும் மோரேயும் பாலத்தோடு சேர்ந்து நீக்கப்பட்டிருக்கிறார். நாயகன் வாலஸைப் பெரியவனாக்கச் செய்த ஏற்பாடு அவனுடைய மூளையைப் பறித்துவிட்டு நுரையீரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. காத்திருந்து வென்ற தளபதி, கத்தி வென்றவராகிவிட்டார். சிறந்த இயக்குநர் விருது இதற்கும் சேர்த்தே வழங்கப்பட்டதா என்பதை அகாடமி தெளிவுபடுத்துவது நலம்.

ஒப்பனை விருதுக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. வீரர்களின் முகத்தில் பூசப்பட்ட நீலச் சாயம் ரோமானியர் காலத்துப் பிரிட்டன்வாசிகளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு தாமதம். இடுப்பில் கச்சை கட்டிய கட்டம் போட்ட கம்பளி உடையோ 16-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. சுமார் முந்நூறு ஆண்டு அவசரம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தாலும் 1297 வராது.

காதல் விவகாரம் இன்னும் சிக்கலானது. பிரெஞ்சு இளவரசி இசபெல்லா ஃபால்கர்க் சண்டைக்குப் பின் வாலஸின் காதலியாகி, அவருடைய பிள்ளையை வயிற்றில் சுமக்கிறார். ஃபால்கர்க் சண்டை நடந்தது 1298 ஜூலையில். இசபெல்லா பிறந்தது 1295 வாக்கில். அப்போது அவருக்கு மூன்று வயது இருக்கலாம், இருப்பு பிரான்சில். ஆங்கிலேய இளவரசர் எட்வர்டு அரசரான பிறகு, 1308-இல்தான் அவரை மணந்தார். வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் 23. இசபெல்லாவின் மூத்த மகன் மூன்றாம் எட்வர்டு பிறந்தது 1312 நவம்பரில். இத்தனை நீண்ட கர்ப்பம் புராணங்களுக்கே சற்று அதிகம்.

மரணங்களின் கணக்கும் ஒத்துவரவில்லை. படத்தில் வாலஸின் தலை வெட்டப்படும் வேளையில் ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்டும் லண்டனில் மூச்சை விடுகிறார். உண்மையில் அவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்து, 1307 ஜூலையில், மறுபடி ஸ்காட்லாந்து மீது படையெடுத்துச் செல்லும் வழியில், எல்லையருகே இறந்தார். ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டருக்குப் படத்தில் தலைகாட்டும் சலுகைகூட இல்லை. கதை 1280-இல் தொடங்கும்போதே அவர் இறந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் குதிரையிலிருந்து விழுந்து இறக்க இன்னும் ஆறு ஆண்டு மீதமிருந்தது.

சண்டைக் காட்சியில் தூரத்தே வெள்ளை மோட்டார் வண்டி ஒன்று நிற்பதாக ரசிகர்கள் காலம்காலமாகச் சுட்டிக்காட்டி மகிழ்கிறார்கள். அது படத்தொகுப்பில் தப்பிய கவனப்பிசகு, மன்னிக்கலாம். பாலம் அப்படித் தப்பியது அல்ல, யோசித்து எடுக்கப்பட்டது.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் தன்னைப் பொய்யன் என்பார்கள் என்று கதைசொல்லி தொடக்கத்திலேயே முன்ஜாமீன் வாங்கிக்கொள்வதும் கவனத்துக்குரியது. மேற்கண்ட தேதிகளைச் சரிபார்க்க ஆங்கிலேயராக இருக்க வேண்டியதில்லை.

விருதுகளைத் திரும்பப் பெறும்படி கோரிக்கை ஏதுமில்லை. ஒலி விளைவுகளுக்கான விருது நியாயமானதே. 1297-இன் சத்தத்தை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. திரைக்கதைக்குப் பரிந்துரை மட்டும் செய்துவிட்டு விருதைத் தராமல் நிறுத்திக்கொண்டதும் பாராட்டத்தக்கது. அவ்விருது அந்த ஆண்டு ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்துக்குப் போயிற்று. அதிலும் ஒருவன் காவல் நிலையத்தில் உட்கார்ந்து கதை கட்டுகிறான். ஆனால் அவன் பொய் சொல்கிறான் என்பதைப் படமே கடைசியில் ஒப்புக்கொள்கிறது.