வேரியன்ட் மாமா

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் சர்க்கரை, பிரஷர், சம்பந்தி என்று பேசிக்கொண்டு போவார்கள். வேரியன்ட் மாமா மட்டும் டார்க் பேசுவார். "பெட்ரோல்ல 144 நியூட்டன் மீட்டர். டீசல்ல 250. ராத்திரி ஆற அமர யோசிச்சுப் பாருங்கோ சார்." யோசித்த ராத்திரி தூக்கம் போச்சு.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கார் வாங்கப் போகிறார். 2015 ஜூலையில் ஹூண்டாய் க்ரெட்டா அறிமுகமான நாளிலிருந்தே வாங்கப் போகிறார். இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நிதானமாகத் தொடங்கினார். 2020 மார்ச்சில் புதுத் தலைமுறை வந்தது. "நல்லவேளை, பழசை வாங்கலை!" 2024 ஜனவரியில் முகத்தை மாற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் நல்லவேளை. முதன்முதலில் டெஸ்ட் டிரைவ் கொடுத்த பையன் இப்போது ஷோரூம் மேனேஜர். மாமாவைப் பார்த்ததும் காபி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

அவரிடம் மாட்டினால் பேச்சு 'ஈ' வேரியன்டில் ஆரம்பிக்கும். "ஈ போதும் சார், ஆறு ஏர்பேக் அதுலயே இருக்கு. ஆனா டச் ஸ்கிரீன் கிடையாது. கொஞ்சம் போட்டா எஸ் ஆப்ஷனல், கூரை பூரா சன்ரூஃப். இன்னும் கொஞ்சம் போட்டா எஸ்எக்ஸ் டெக், அடாஸ் வந்துடும். அதுக்கு மேலயும் கொஞ்சம் போட்டா எஸ்எக்ஸ் ஆப்ஷனல், 160 குதிரை டர்போ!" பதினொரு லட்சத்தில் ஏறினவர் இருபதில் இறங்குவார். மெட்ரோ வேலை நடக்கிற லஸ்ஸில் அந்த 160 குதிரையும் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கப் போகின்றன. சன்ரூஃபைத் திறந்தால் அக்னி நட்சத்திரம். அடாஸ், கோடு தாண்டினால் எச்சரிக்குமாம். கச்சேரி ரோட்டில் அது முதலில் கோட்டைக் கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் கணக்கில் மாமா புலி, அதை மறுக்க முடியாது. 2024-இல் உச்ச வேரியன்ட் விலை 19,99,900. கூரைக்கு மட்டும் கறுப்பு வேண்டுமென்றால் 15,000 கூட. அங்கேதான் பேனாவை மூடி நம் முகத்தைப் பார்ப்பார். "இருபது லட்சத்தைத் தாண்டிட்டா தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் 18 சதவீதம் இல்லை, 20! வரி மட்டும் 43,000 ஏறும். கறுப்புக்கு 58,000. மெட்ராஸ் வெயில்ல!" மேனேஜரே கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

மாமி ஒரே ஒரு தடவை அடையாறு ஷோரூமுக்குக் கூடப் போனாள். காய்கறிப் பை மாட்டக் கொக்கி உண்டா என்று கேட்டாள். மாமாவுக்குத் தெரியவில்லை. அதோடு அவள் போகவில்லை, தி. நகருக்கு ஆட்டோவில் போய் வருகிறாள்.

போன வருஷம் எல்லாம் கூடிவந்தது. எஸ்எக்ஸ் டெக், வெள்ளை, மானுவல் என்று முடிவாகி, அட்வான்ஸ் செக்கில் தேதி வரை எழுதிவிட்டார். 2025 செப்டம்பர் 22 வந்தது. அன்று முதல் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்றதற்கு 40. க்ரெட்டாவின் நீளம் 4,330 மில்லிமீட்டர்.

மறுநாள் பூங்காவில் மாமா பத்து வயது குறைந்து தெரிந்தார். கையில் புது நோட்டு.

"ஹூண்டாய் வென்யூ 3,995 மில்லிமீட்டர்தான் சார். நவம்பர்ல புது மாடல் வேற வரதாம். முதல்லேர்ந்து பார்க்கணும். அவசரப்படக் கூடாது."