பாவமும் பாக்கியும்

ஷெட்லாந்து என்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக்கும் வடகடலும் சந்திக்கும் இடத்தில், 60 பாகை வட அட்சத்தை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் நூறு சொச்சம் தீவுகளின் கூட்டம். ஆள் குடியிருப்பது ஏறத்தாழப் பதினாறு தீவுகளில். மொத்த மக்கள் சுமார் 23 ஆயிரம் பேர். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. 1861இல் 31 ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். பிறகு கப்பலேறி நியூசிலாந்துக்கும் இன்ன பிற இடங்களுக்கும் போனவர்களின் கொள்ளுப்பேரன்கள்தான் இப்போது கையில் ஒரு பழைய புகைப்படத்தோடும் பையில் மழைக்கோட்டோடும் திரும்பி வந்து, மூதாதையைக் காட்டு என்று ஆவணக் காப்பகத்தில் உட்காருகிறார்கள்.

முன்பெல்லாம் தீவைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாக இருந்தது. பிரிட்டன் வரைபடம் அச்சிடுகிறவர்கள் தாள் மிச்சம் பிடிக்க ஷெட்லாந்தைப் பெயர்த்தெடுத்து, ஒரு பெட்டிக்குள் அடைத்து, கீழே ஏதோ ஒரு கடலில் மிதக்கவிட்டு வந்தார்கள். 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தீவுகளுக்கென ஒரு சட்டம் இயற்றியபோது, இனி அரசு அமைப்புகள் ஷெட்லாந்தை அது இருக்கிற இடத்திலேயே வரைய வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதிவிட்டார்கள். ஆக, ஊர் சட்டப்படி அதனிடத்தில் இருக்கிறது. மூதாதையருக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.

சிக்கலின் வேர் ஒரு கல்யாணத்தில் இருக்கிறது. டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில், மன்னர் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். சீர்ப்பணம் கையில் இல்லை. 1468இல் ஆர்க்னி தீவுகளை அடகு வைத்தார். அதுவும் பற்றாமல் போகவே 1469இல் ஷெட்லாந்தை 8,000 ஃபுளோரினுக்கு வைத்தார். எந்தச் சம்பந்தி வீட்டில்தான் சீர்ப்பாக்கி முழுதாகத் தீர்ந்திருக்கிறது? பணம் வரவில்லை, அடகு மூழ்கிவிட்டது. 1472இல் இரு தீவுக்கூட்டங்களும் ஸ்காட்லாந்து முடியோடு சேர்ந்தன. மக்களின் பேச்சும் பெயரும் நிலக்கணக்கும் நார்வே வழியாகவே இருக்க, அவர்களைப் பதிவேட்டில் ஏற்ற வந்த பாதிரியாரும் எழுத்தரும் ஸ்காட்லாந்துக்காரர்களாக இருந்தார்கள். ஒருவர் சொன்ன பெயர் இன்னொருவர் பேனாவில் என்ன ஆகும் என்பதிலிருந்து ஆராய்ச்சி தொடங்குகிறது.

பெயர் முறையைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குச் சிரமமில்லை. வெள்ளைக்காரருக்குத்தான் தலை சுற்றும். குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு ‘சன்’ சேர்த்தால் மகன், ‘டாட்டர்’ சேர்த்தால் மகள். வில்லியம் மகன் ஆண்ட்ரூ, ஆண்ட்ரூ வில்லியம்சன். அவன் மகன் மேக்னஸ், மேக்னஸ் ஆண்டர்சன். அவன் மகள் பார்பரா, பார்பரா மேக்னஸ்டாட்டர். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் கஞ்சி குடிக்கும். பதிவேட்டில் மூன்று குடும்பங்களாக இருக்கும். நம் இனிஷியல்தான் இது, கொஞ்சம் நீட்டி முழக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரைக் கைவிடவில்லை. அதை அப்படியே எழுதிவைத்தது ஸ்காட்லாந்து ஆவணங்கள் செய்த ஒரே புண்ணிய காரியம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெயர் இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை ஓடிக்கொண்டிருந்தால் கணக்குக்கு ஆகாது என்று பாதிரியார்களும் நிலக்கிழார்களும் அதை நிறுத்தத் தொடங்கினார்கள். இசை நாற்காலி விளையாட்டில் பாட்டு நின்ற கணத்தில் அவரவர் கிடைத்த நாற்காலியில் உட்காருவது போல, ஒரு அண்ணன் அப்பாவின் பெயரிலும் தம்பி தாத்தாவின் பெயரிலும் உறைந்துபோனதுண்டு. மேக்னஸின் மகன்களில் சிலர் மேக்னஸ்சன் என்றும் சிலர் தேய்ந்து மேன்சன் என்றும் நின்றார்கள். இன்றைக்கும் தீவில் வில்லியம்சன், ஜான்சன், ராபர்ட்சன், ஜேமிசன், ஆண்டர்சன் எண்ணிக்கையில் அதிகம். இரண்டு வில்லியம்சன்கள் சந்தித்தால் உறவென்று அர்த்தமில்லை. எப்போதோ இரண்டு வில்லியம்கள் இருந்தார்கள் என்று மட்டும் அர்த்தம்.

இது போதாதென்று முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று ஒரு வழக்கம். பெயரன்தானே பேரன், தமிழுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் இருந்து ஐவரும் முறை தவறாதவர்கள் என்றால், ஒரே பெயரில் ஐந்து பேரன்கள் நாலைந்து வருட இடைவெளிக்குள் ஒரே திருச்சபை வட்டத்தில் ஓடித் திரிவார்கள். குழந்தை இறந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. ஊரார் இவர்களைப் பட்டப்பெயராலும் வீட்டு நிலத்தின் பெயராலும் பிரித்தறிந்தார்கள். பதிவேடு எழுதியவரோ அந்த இரண்டையும் நாகரிகக் குறைவென்று விட்டுவிட்டார்.

ஆளை விட்டு இடத்தைப் பிடிக்கலாம் என்றாலும் சுலபமில்லை. ஹம்னவோ என்றால் துறைமுக விரிகுடா. துறைமுகமான விரிகுடா எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் நார்வேக்காரர் அதே பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: பர்ராவில் ஒன்று, யெல்லில் ஒன்று, எஷனெஸ்ஸில் ஒன்று. பெயரைக் கொண்டு ஆணா பெண்ணா என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. கிறிஸ்டியன் என்று எழுதியிருந்தால் அது அங்கே பெரும்பாலும் பெண். ஓஸ்லா என்று ஞானஸ்நானம் பெற்ற பெண் கல்யாணப் பதிவில் உர்சுலாவாக நிற்பாள். படித்த பாதிரியார் காதில் ஓஸ்லா அப்படித்தான் விழுந்தது. ரேஸ்மி என்றால் எராஸ்மஸ், பாபி என்றால் பார்பரா. தெரிந்தவருக்குப் பாட்டி, தெரியாதவருக்கு இரண்டு பாட்டி.

1855க்கு முன் பிறப்பையும் கல்யாணத்தையும் குறித்துவைத்தது தேவாலயம். அந்தப் பதிவேடுகளைப் பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியாரே எழுதினார். சம்பளம் குறைவு, மை மெல்லியது. எழுதப்பட்டது பிறப்பன்று, ஞானஸ்நானம். கல்யாணமன்று, கல்யாணம் நடக்கப்போவதாகச் சர்ச்சில் விடுத்த அறிவிப்பு. அறிவித்தபின் மாப்பிள்ளை ஓடிப்போனாரா என்பது பக்கத்தில் இராது. சாவு பல இடங்களில் பதியவே படவில்லை. ஆனால் சவப்பெட்டியின் மேல் போர்த்தும் கறுப்புத் துணியைச் சர்ச் வாடகைக்கு விட்டது. வாடகை வரவு பைசா பாக்கியின்றி எழுதப்பட்டது. ஒருவர் காலமான தேதியைப் பந்தல்காரர் பில்லிலிருந்து கண்டுபிடிப்பது போன்ற வேலை இது.

1783இல் லண்டன் அரசு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. 1794இல் வரி நீங்கும்வரை பதிவேடுகள் பல இடங்களில் மெலிந்துபோயின. இந்தப் பதினோரு வருடத்தில் பிறந்த மூதாதை கிடைக்கவில்லை என்றால் அவர் பிறக்காமல் போய்விடவில்லை. அவருடைய அப்பா மூன்று பென்ஸை வேறு எதற்கோ வைத்துக்கொண்டார்.

நாள்காட்டியும் நம்பத்தக்கதல்ல. 1752இல் பிரிட்டன் பதினோரு நாளைத் தாண்டிக் குதித்துப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. மேற்கே தனித்துக் கிடக்கும் ஃபூலா தீவு மட்டும் குதிக்கவில்லை. அங்கே இன்றும் கிறிஸ்துமஸ் ஜனவரி 6, புத்தாண்டு ஜனவரி 13.

இத்தனை ஓட்டைகளையும் ஓரளவு அடைப்பது மூதாதையரின் பாவம். ஸ்காட்லாந்து தேவாலயத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் பாதிரியாரும் மூப்பர்களும் அடங்கிய ஒரு சபை உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து, காவல் நிலையம், திண்ணைப்பேச்சு மூன்றையும் சேர்த்து அரைத்தது போன்ற அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை மீன் உலர்த்தியது யார், பக்கத்து வீட்டுக்காரியைச் சூனியக்காரி என்று திட்டியது யார், கல்யாணமாகாமல் கருவுற்றவள் யார், அதற்குக் காரணமானவன் யார் என்று விசாரித்து, சாட்சி வாங்கி, தேதியிட்டு எழுதினார்கள். குற்றம் உறுதியானால் பொதுவாக மூன்று ஞாயிறு சபைமுன் தனி முக்காலியில் அமர்ந்து தலைகுனிய வேண்டும். கல்யாணம் நிச்சயித்த ஜோடியிடம் முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்பது மாதத்துக்கு முன் குழந்தை பிறக்கவில்லை என்றால்தான் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் ஸ்காட்லாந்துச் சபைகளில் இருந்தது. பணம் திரும்பியதா என்ற ஒற்றை வரி ஒரு பரம்பரையின் மூத்த பிள்ளையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

ஆகவே ஒழுக்கமாக வாழ்ந்து, சண்டை போடாமல், ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்ட கொள்ளுத்தாத்தாவுக்கு ஆவணத்தில் கிடைப்பது இரண்டு வரி. ஊரைக் கூட்டிய அவர் தம்பிக்கு ஏழு பக்கம். சந்ததியார் முதலில் கூசுவார்கள். பிறகு அந்த ஏழு பக்கத்தையும் நகலெடுத்து உறவினர் கூட்டத்தில் விநியோகிப்பார்கள்.

1855 ஜனவரி 1 அன்று பதிவை அரசு கையில் எடுத்தது. முதல் வருட ஆர்வம் எந்த அலுவலகத்திலும் இருப்பதுதான். பிறப்புச் சான்றில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணமான தேதி, முன்பு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று எல்லாம் கேட்டார்கள். பதிவாளர்களுக்குக் கை வலித்தது. 1856இலேயே பாதியை நீக்கிவிட்டார்கள். 1855இல் பிள்ளை பெற்ற அல்லது செத்துப்போன மூதாதை இருப்பது லாட்டரி விழுந்தது போல. மற்ற வருடங்களிலும் இறப்புச் சான்றில் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு என்பதால், செத்தவரைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பதே உத்தமம். இன்று இவையெல்லாம் கணினியில் கிடைக்கின்றன, படத்துக்கு இவ்வளவென்று கட்டணம். தவறான ஜேம்ஸ் வில்லியம்சனைத் திறந்து பார்த்தாலும் அதே கட்டணம்தான்.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு அடுத்த துணை. 1841 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரி 35 ஆனாள். அடுத்த கணக்கிலும் அவள் அந்தச் சலுகையை முழுதாக விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பதைப் பல குடும்பங்களில் காணலாம். ஆண்களைக் கணக்கில் காண்பது இன்னும் அரிது. திமிங்கில வேட்டைக் கப்பலில், வணிகக் கப்பலில், கடற்படையில் என்று தீவுக்கு வெளியே இருந்தார்கள். சென்சஸ் படி பல வீடுகள் பெண்களாலும் கிழவர்களாலும் ஆனவை. ஆனாலும் குழந்தைகள் தவறாமல் பிறந்திருக்கிறார்கள்.

கடலுக்குப் போனவர் திரும்பாததும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஆறு துடுப்பு போட்ட திறந்த படகில் கண்ணுக்குக் கரை மறையும் தூரம் போய் மீன் பிடித்த காலம் அது. 1881 ஏப்ரலில் எடுத்த கணக்கில் யெல் தீவின் வடக்கே வீட்டுத் தலைவர்களாக எழுதப்பட்ட சிலர், அந்த ஜூலையில் குளூப் கடலில் புயலில் சிக்கிய பத்துப் படகுகளில் இருந்தார்கள். 58 பேர் மாண்டார்கள். பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் அந்த வீடுகளைத் தேடும்போது மனைவியின் பெயரில் தேட வேண்டும்.

பாவத்துக்கு அடுத்தபடி பயன்படுவது பாக்கி. மீனவர் பிடித்த மீனை நிலக்கிழாருக்கோ அவர் கைகாட்டிய வணிகருக்கோதான் போட வேண்டும். விலை பிறகு சொல்வார்கள். மாவும் தூண்டில் கயிறும் அதே கடையில் கடன். வருடத்துக்கு ஒருமுறை பற்றுவரவு பார்க்கும்போது மீன் எப்போதும் மாவை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெண்கள் பின்னிய சால்வைக்குக் காசுக்குப் பதில் தேயிலையும் துணியும் கிடைத்தன; அந்தத் தேயிலையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மாவுக்கு மாற்றினார்கள். இதை விசாரிக்க அரசு அனுப்பிய ஆணையர் 1872 ஜனவரியில் வந்து மீனவர், பின்னற்காரிகள், வணிகர் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். ஆயிரக்கணக்கான கேள்விகளும் பதில்களும் சொன்னது சொன்னபடி அச்சாயின. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கொள்ளுப்பாட்டி, தேயிலையை என்ன செய்தாள் என்று தன் வாயால் சொல்வதை இன்று படிக்கலாம். கடனில்லாதவரை ஆணையர் கூப்பிட்டுக் கேட்க முகாந்திரம் அதிகமில்லை.

கடைசியில் ஆடு. ஷெட்லாந்து ஆடுகள் பொது மேய்ச்சல் குன்றில் கலந்து திரிந்தன. யாருடையது எது என்று அறிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுக்குறி: வலக்காதில் ஒரு பிளவு, இடக்காதில் பின்பக்கம் ஒரு கொத்து, ஒரு துளை என்று விதவிதமான வெட்டுகள். இரண்டு வீட்டுக்கு ஒரே குறி கூடாது; குறி சொத்தாகக் கைமாறியது; அதற்குப் பதிவேடு இருந்தது. மனிதர்களில் ஐந்து ஜேம்ஸ் வில்லியம்சன் இருந்தபோது எவருக்கும் உறுத்தவில்லை. ஆட்டில் ஒரு குழப்பம் வந்தால் கோர்ட்டுக்குப் போனார்கள். அதனால் ஒரு ஜேம்ஸை இன்னொரு ஜேம்ஸிலிருந்து பிரிக்க ஆட்டின் காது கைகொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

காகிதம் தீர்ந்தபின் நேரில் போவது மிச்சம். அபெர்டீனில் மாலையில் கப்பலேறினால் ஓர் இரவு முழுக்க ஆடி மறுநாள் காலை லெர்விக். விமானமென்றால் சம்பர்க்; அங்கே நெடுஞ்சாலையே ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது, விமானம் வரும்போது ரயில்வே கேட் போல் சாலையை மூடுவார்கள். லெர்விக்கில் ஹேஸ் டாக் என்னும் பழைய படகுத்துறையில் 2007 முதல் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஊரில் ஒரு குடும்ப வரலாற்றுச் சங்கமும் உண்டு. இரண்டையும் விட வேகமானவர் மூத்த ஷெட்லாந்துக்காரர் யாராவது. குடும்பப் பெயரைச் சொன்னால் அசையமாட்டார். நிலத்தின் பெயரைச் சொன்னால் நாலு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்லி, கேட்டவருக்கும் தனக்கும் இரண்டு வழியில் உறவென்று முடிப்பார். தீவில் அது ஆச்சரியமில்லை. கொள்ளுத்தாத்தாக்கள் கணக்குப்படி நால்வர் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே ஆள் வந்து நின்று மூன்றாகக் குறைவதுண்டு.

இடுகாடு பெரும்பாலும் கடலோரம், பழைய சர்ச்சின் இடிபாட்டைச் சுற்றி. கல்லில் உப்புக்காற்று எழுத்தைத் தின்றிருக்கும், மிச்சத்தைப் பாசி மூடியிருக்கும். ‘இங்கே’ என்பதும் ஒரு ‘சன்’னும் தெரியும். சுவர் சரிந்த இடத்தில் கல்லின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி ஓர் ஆடு நிற்கக்கூடும். அதன் காதில் பிளாஸ்டிக் அட்டை இருக்கும். எண் பத்தடி தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரியும்.