ஜிப்பை மூடு, கொசு வரும்

துவைத்துப் போட்ட துணிகூட இன்னும் காயவில்லை. அதற்குள் கொழுந்தனார் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டார். கூடார வாசலில் நாங்கள் நால்வர், பின்னால் சூரிய உதயம், கீழே 'பசங்க செம என்ஜாய்'. கல்யாணமாகாத பிள்ளை, தனிக் கூடாரத்தில் படுத்தவர், அப்படித்தான் எழுதுவார். உதயத்தை நான் பார்த்தது உண்மைதான். ராத்திரி முழுக்க ஒவ்வொரு மணியையும் பார்த்தவளுக்கு அதை மட்டும் எப்படித் தவறவிட முடியும்?

சின்னக் குழந்தைகளோடு கூடாரத்தில் தங்கப் போகிறவர்களுக்கு உருப்படியான யோசனை ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஏலகிரி மலைப்பாதை.

14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்குத் தமிழ்ப்பற்று இருந்திருக்கிறது. பின் சீட்டில் நாலு வயதுப் பையன் இருந்திருக்க மாட்டான். எங்கள் மூத்தவன் கபிலரில் குமட்ட ஆரம்பித்துப் பாரியில் வாந்தி எடுத்தான். முல்லைக்குத் தேரையே கொடுத்த வள்ளல். எனக்கு அந்த நிமிஷம் ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் வளைவு வந்தபோதுதான் வீட்டுக்காரர் மெதுவாக வாயைத் திறந்தார்: போர்வைப் பை லிஃப்ட் பக்கத்திலேயே நிற்கிறதாம்.

போய்ச் சேர்ந்தோம். கூடாரம். அதன் ஜிப்.

வாசலுக்கு இரண்டு அடுக்கு. வெளியே மழைத்துணி, உள்ளே கொசுவலை. இரண்டுக்கும் தனித்தனி ஜிப். மூத்தவனுக்கு உச்சா வரும். வலையைத் திற, மழைத்துணியைத் திற, டார்ச்சைத் தேடு, செருப்பைத் தேடு. குளிரில் போய் நின்றால், "வரலைம்மா." உள்ளே வா, மழைத்துணியை மூடு, வலையை மூடு. அந்தச் சத்தத்தில் சின்னவள் எழுந்துகொள்வாள். ஒன்றரை வயது. நாங்கள் வாங்கிக்கொடுத்த எந்தப் பொம்மையும் இப்படிச் சத்தம் போட்டதில்லை. சர்ர்ர், திறந்தாள். சர்ர்ர், மூடினாள். சர்ர்ர், திறந்தாள். கைதட்டினாள். சர்ர்... பாதியில் நின்றது. என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு நூல் நூலாகப் பிரித்தார். "சோப்பு தேய்த்தால் வந்துரும்" என்றார். சோப்பு கழிப்பறையில் இருக்கிறது. கழிப்பறை வெளியே இருக்கிறது. வெளியே போக இருக்கிற ஒரே வழியைத்தான் அவர் சரிசெய்துகொண்டிருந்தார். அப்போது இருட்டிலிருந்து மூத்தவன் குரல்: "அம்மா, இப்ப வருது."

துப்பட்டா கிழிந்தது, கதவு திறந்தது, தாமதம்தான்.

பக்கத்துக் கூடாரங்களிலும் சர்ர்ர்தான். கொஞ்ச நேரம் கேட்டால் பழகிவிடும். வேகமாகத் திறந்தால் அவசரம். திருட்டுத்தனமாக மெல்லத் திறந்தால், யாரோ ஒரு அப்பா சிகரெட்டுக்குப் போகிறார். திறந்து மூடித் திறந்து மூடினால் ஒன்றரை வயது. நடுவே எல்லாக் கூடாரத்திலிருந்தும் ஒரே வசனம்: "ஜிப்பை மூடு, கொசு வரும்." கொசு எப்போதோ வந்து குடியேறிவிட்டது. மூடி மூடி அது வெளியே போகாமல் காவல் காத்தோம்.

யோசனைக்கு வருகிறேன். பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டிப்போய் முகாம் போட்டார். சாரணர் இயக்கம் அதிலிருந்துதான் கிளம்பியது. வந்த பையன்களிலேயே சின்னவன் அவருடைய அண்ணன் மகன், அவனுக்கே ஒன்பது வயது. தென்னாப்பிரிக்காவில், மாஃபெகிங் ஊரில், 217 நாள் முற்றுகையைத் தாங்கின மனிதர் அவர். அவரே ஒன்றரை வயதைக் கூடாரத்துக்குள் சேர்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முற்றுகை எதையும் பார்த்ததில்லை, சேர்த்துவிட்டார்.

குழந்தைகள் இயற்கையோடு பழக வேண்டும் என்கிறார்கள். பழகட்டும். எங்கள் இரண்டும் மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில்தான் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தன. எங்கள் தெருவிலும் கட்டட வேலைக்குக் கொட்டிய அதே ஜல்லிதான் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் முதுகில் ஒன்று வைப்போம், மலையில் உட்கார்ந்தால் படம் எடுக்கிறோம். கேம்ப் ஃபயர் என்று ராத்திரி ஒன்பது மணிக்குமேல் விறகைப் பற்றவைத்துச் சினிமாப் பாட்டை அலறவிட்டார்கள். அந்த நேரத்துக்கு விழித்திருக்கும் குழந்தை அழும், தூங்கிய குழந்தை எழுந்து அழும். பார்பிக்யூ கோழியில் காரம் கண்ணைப் பிடுங்கியது. இரண்டும் தயிர்சாதம் கேட்டன. மெனுவில் தயிர்சாதம் இல்லை. தமிழ்நாட்டில்!

காலையில் கணக்கு முடிக்கும்போது மூன்று வயதுக்கு மேல் பாதிக் கட்டணம் என்றான் அங்கிருந்த பையன். "தூங்கின ஆளுக்குத்தானேப்பா காசு?" என்று கேட்டேன். முழித்தான். அப்படிக் கணக்குப் போட்டால் எங்கள் கூடாரத்தில் ஒரே ஒருத்தரிடம்தான் வாங்க வேண்டும். துப்பட்டாவைப் பிரித்த களைப்பில் விடியும்வரை குறட்டை விட்ட அவர், நன்றாகத் தூங்கிய முகத்தோடு வெளியே காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.