சி சித்தப்பா

காஞ்சிபுரத்துக் கல்யாணப் பந்தியில் உட்காரும் பொறியியல் பிள்ளைகள் முதலில் இலையைப் பார்ப்பதில்லை, பக்கத்து இலைக்காரரைப் பார்க்கிறார்கள். அங்கே சி சித்தப்பா இருந்துவிட்டால் கோயில் இட்லியின் மிளகும் சுக்கும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

"கம்ப்யூட்டர் சயின்ஸா? பேஷ். இன்ட்டுக்கு எத்தனை பைட்டு?"

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பிள்ளையார்பாளையத்தில் இரண்டு பேர்கூட இருக்கலாம். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவார், இல்லையேல் காந்தி ரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடுவார். ஆனால் தொண்ணூறுகளில் மாடிக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் போய் சி மொழி படித்தவர். அந்தக் குளிர் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை.

பையன் "நாலு" என்பான்.

"தப்பு. ரெண்டு."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் படித்தது டர்போ சி-யில். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த, டாஸில் ஓடும் நீலத்திரைச் சரக்கு. அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட் ரெண்டு பைட்டுதான். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் நாலு. குறைந்தது 16 பிட் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு மொழியின் இலக்கணம் ஒதுங்கிக்கொண்டது, சித்தப்பா ஒதுங்கவில்லை.

அடுத்த கேள்வி, நிரல் ஓடத் தொடங்கும் மெயினைப் பற்றி. "இன்ட் மெயின்" என்று எழுதுகிறவன் அவர் கணக்கில் பாதி ஃபெயில். "வாய்டு மெயின்னு போடணும்டா. பாலகுருசாமி புத்தகம் பார்த்திருக்கியா?" என்பார். பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான பாலகுருசாமியின் சி புத்தகம் அவர் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, அதே மரியாதையோடு மடங்கிக் கிடக்கிறது. 1989-இல் வந்த அமெரிக்கத் தரநிலை மெயினுக்கு இன்ட்தான் என்று எழுதிவைத்ததை அவரிடம் போய் யார் சொல்வது? பெல் ஆய்வகத்தில் 1972 வாக்கில் சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே வைகாசிக் கருட சேவைக்கு வந்து, கூட்டத்தில் இவரிடம் மாட்டியிருந்தால், அரியரோடுதான் ஊர் திரும்பியிருப்பார்.

தேர்வு வைப்பவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. நாலாம் நூற்றாண்டில் இங்கிருந்த கடிகை என்ற கல்விச்சாலைக்குப் படிக்க வந்தவர் மயூரசர்மன். பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு முற்றி, ஓலையைப் போட்டுவிட்டு வாளை எடுத்தார். கடைசியில் கதம்ப அரசையே நிறுவிவிட்டார். தாளகுண்டா கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. நம் பையன்கள் சாது. மோர் வாங்கப் போகிறேன் என்று எழுந்துவிடுகிறார்கள்.

தறிவீட்டையும் சித்தப்பா விடுவதில்லை. ஒருநாள் மேலே தொங்கும் அட்டைகளைக் காட்டி, "இந்த ஜக்கார்டு அட்டைதாண்ணே உலகத்தோட முதல் ப்ரோகிராம். ஓட்டை இருந்தா ஒண்ணு, இல்லாட்டி ஜீரோ" என்று ஆரம்பித்தார். குழியில் கால் மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிரவேயில்லை.

"உங்களுதுல தப்பு விழுந்தா என்னா பண்ணுவீங்க?"

"திருத்திட்டு மறுபடி ரன் பண்ணுவோம்."

"எங்களுக்கு அது ஆவாது தம்பி. பிரிக்கணும்."

அன்றைக்கு அந்த வீட்டில் வேறு கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை.

அவருடைய பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. "ஐ-யோட மதிப்பு அஞ்சு. ப்ளஸ் ப்ளஸ் ஐ, கூட்டல், ப்ளஸ் ப்ளஸ் ஐ. விடை என்ன?" முப்பது வருஷமாக இதற்கு அவரிடம் விடை 14. போன முகூர்த்தத்தில், ஏனாத்தூரில் படிக்கும் ஒரு பெண்ணிடம் இதை எய்தார்.

"ஜாவான்னா 13, சித்தப்பா. சி-ல இதுக்கு விடையே கிடையாது. ஒரே வரியில ஒரே மாறிய ரெண்டு தடவ மாத்துனா என்ன வரும்னு மொழி உத்தரவாதம் தரல. ஒரு கம்பைலர் 14 குடுக்கும், இன்னொண்ணு 13 குடுக்கும்."

"அதெல்லாம் உங்க கம்பைலர்ல. என்னோடதுல 14."

அது உண்மைதான் என்பதால் அவளால் மறுக்க முடியவில்லை. அவர் விடுவாரா? "சரி, பாயின்டர்னா என்ன?"

"காஞ்சிபுரம் ஐஐஐடி."

"என்னது?"

"பேரப் பாத்தா காஞ்சிபுரம். அந்தப் பேரப் புடிச்சுக்கிட்டுப் போனா, காலேஜ் இருக்கறது மேலக்கோட்டையூர்ல, வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டுல. இங்க முகவரி மட்டும்தான், சரக்கு அங்க."

சித்தப்பா பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். கோபம் என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்த வாரம் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்பு. கூடத்தில் நாலு பையன்களை உட்காரவைத்து, விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாயின்டர எவனும் ஒழுங்கா சொல்லித்தரலடா. நான் அந்தக் காலத்துலேர்ந்து எப்படிச் சொல்லுவேன்னா, இப்ப நம்ம காஞ்சிபுரம் ஐஐஐடி இருக்கு பாரு..."