மன்னர் மாறினால் மோட்சம் மாறும்

ஒரு திருச்சபை எதை நம்ப வேண்டும் என்பதைத் தாடி வைத்த ஞானிகள் உபவாசமிருந்து முடிவு செய்வார்கள் என்று நினைப்பவர்கள், இங்கிலாந்து திருச்சபையின் கதைக்குள் நுழையாமலிருப்பது உத்தமம். அங்கே எல்லாம் ஒரு கல்யாணத் தகராறில் ஆரம்பித்தது.

எட்டாம் ஹென்றி முதலில் போப்பின் செல்லப்பிள்ளை. போப்பை எதிர்த்த லூத்தரைச் சாடிப் புத்தகம் போட்டு, 1521-ல் ‘விசுவாசக் காவலர்’ என்ற பட்டம் வாங்கியவர். பிறகு ராணி கேத்தரின் கசந்து, ஆன் பொலின் இனித்தார். முதல் கல்யாணமே செல்லாது என்று சொல்லும்படி ரோமுக்கு ஆளனுப்பினால், போப் ஏழாம் கிளமெண்ட் கையைப் பிசைகிறார். அவர்தான் என்ன செய்வார், பாவம்! 1527-ல் ரோமைச் சூறையாடி அவரை அடைத்து வைத்த படை, கேத்தரினுடைய அக்கா மகன் பேரரசர் சார்லஸின் படை. சார்லஸின் சித்தியை வாழாவெட்டியாக்க ஓலை எழுதிவிட்டு அவர் ரோமில் குடியிருக்க முடியுமா?

பொறுத்துப் பார்த்த ஹென்றி, 1534-ல் நாடாளுமன்றத்தைக் கொண்டு சட்டம் போட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். ரோம் பட்டத்தைப் பிடுங்கியது. நாடாளுமன்றம் அதே பட்டத்தை எடுத்துத் திரும்பச் சூட்டியது. இன்றைக்கும் பிரிட்டிஷ் நாணயத்தில் அதன் சுருக்கமாக ‘எஃப்.டி.’ என்று பொறித்திருக்கும். வங்கி வைப்புத்தொகை என்று நம்மவர்கள் ஏமாற வேண்டாம்.

தலைவர் ரெடி, நம்பிக்கைதான் பாக்கி. 1536-ல் எதை நம்ப வேண்டும் என்று சொல்லும் பத்து ஷரத்துகள் வந்தன, லேசான லூத்தர் வாடையோடு. 1539-ல் ஆறு ஷரத்துகள், முழுக் கத்தோலிக்க நெடி. அப்பம் கிறிஸ்துவின் சரீரமாகவே மாறுகிறது என்பதை மறுத்தால் தீ. குருமார் கல்யாணம் கூடாது. இதில் வசமாகச் சிக்கியவர் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். மனிதர் 1532-லேயே ஜெர்மனியில் ஓசைப்படாமல் தாலி கட்டிவிட்டிருந்தார். அவசரமாக அம்மாளைப் பிறந்த ஊருக்கு அனுப்பி வைத்தார்.

1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆறு பேருக்கு மரணதண்டனை. மூவர் லூத்தர் பக்கம் சாய்ந்ததற்காக எரிக்கப்பட்டார்கள். மூவர் போப் பக்கம் சாய்ந்ததற்காகத் தூக்கிலேற்றப்பட்டு வெட்டப்பட்டார்கள். ராஜா எந்தக் கட்சி என்று அந்தக் கூட்டத்தில் யாராவது புரிந்துகொண்டிருந்தால் அவரல்லவா ஞானி!

ஹென்றி போய் மகன் எட்வர்ட் வந்தான். கிரான்மர் மளமளவென்று 42 ஷரத்துகள் எழுதி, 1553 ஜூனில் ராஜ கையெழுத்தும் வாங்கிவிட்டார். ஜூலை 6-ல் பையன் கண்ணை மூடினான். அடுத்து வந்தவர் மேரி, அந்தக் கேத்தரினின் மகள். 42-ம் குப்பைக்குப் போயின. கிரான்மர் உயிருக்குப் பயந்து, எழுதியதையெல்லாம் தப்பு என்று மீண்டும் மீண்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படியும் விடவில்லை. 1556-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எரித்தபோது, பொய்க் கையெழுத்துப் போட்ட வலக்கையைத்தான் முதலில் நெருப்பில் நீட்டினார். நக்கலடிக்க வந்த பேனாவும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

ஆன் பொலின் மகள் எலிசபெத் காரியவாதி. 42-ஐ வெட்டி ஒட்டி 1563-ல் 39 ஆக்கினார்கள். அதிலும் கெட்டவன் திருவிருந்தில் அப்பத்தைக் கடித்தாலும் கிறிஸ்துவை உண்பதில்லை என்ற 29-வது ஷரத்து அச்சில் காணாமல் போனது. கத்தோலிக்கர் மனம் கோணுமே என்ற ராஜதந்திரம். ஆக 38. 1570-ல் போப் ராணியையே சபை நீக்கம் செய்தார். இனி யாரைச் சமாதானம் செய்ய? 1571-ல் 29-வது ஷரத்து சமர்த்தாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடியும் 39.

அடுத்த பத்தாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சேரும் பையன்கள் எல்லாம் இந்த 39-க்கும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது. 1854 வரை அது தொடர்ந்தது. தியோடர் ஹூக் என்ற குறும்புக்கார எழுத்தாளர் அங்கே சேரப் போனபோது, 39-க்கும் கையெழுத்துப் போடத் தயாரா என்று துணைவேந்தர் கேட்டாராம். “ஐயா பிரியப்பட்டால் நாற்பதுக்கும் போடுகிறேன்” என்றாராம் ஹூக்.