ஆறு மாதத்து அண்ணன்

ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு அக்டோபரில் தொடங்கும். சில படிப்புகளுக்கு ஏப்ரலிலும் ஆள் எடுப்பார்கள். ஏப்ரலில் போனவர் அக்டோபரில் வருபவருக்குச் சீனியர். இடையில் ஆறே மாதம்தான். ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு நம் பையன்கள் தருகிற மரியாதையை, முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட தாசில்தாருக்குக்கூட அவர் ஆபீஸில் தர மாட்டார்கள். சோழிங்கநல்லூரில் நாலு வருஷம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, கல்யாணமும் நிச்சயமாகி வருகிற இருபத்தேழு வயதுக்காரர், இருபத்திரண்டு வயதுச் சீனியரை "அண்ணா" என்று கூப்பிடுவார். அங்கே வயது, விமானம் தரையிறங்கிய நாளிலிருந்து கணக்கு.

இந்த அண்ணனை ஆஹனிலும் பார்க்கலாம், மாக்டெபுர்க்கிலும் பார்க்கலாம். நாம் பார்க்கப் போகிறவர் சாக்ஸனி மாநிலத்துக் கெம்னிட்ஸில் இருக்கிறார்.

வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பட்டியல் ஜூலையிலேயே வந்துவிடும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதற்கு உபரி கேஸ்கட் இரண்டு. மூக்குக் கண்ணாடி இரண்டு ஜோடி. அங்கே விலை கேட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும். காய்ச்சல் மாத்திரை, தைலம், முடிவெட்ட டிரிம்மர். கடைசியில் எண் போடாமல் ஒரு வரி: "இடம் இருந்தா அம்மாகிட்ட சொல்லி ஒரு கிலோ பருப்புப் பொடி." பொடி யாருக்கு என்று பட்டியல் சொல்லாது. டிரிம்மருக்குக் காரணம் உண்டு. ஏப்ரல் கோஷ்டி முழுவதற்கும் இருப்பது ஒரே டிரிம்மர், வெட்டுபவரும் அண்ணனே. அதனால் எல்லாத் தலையும் ஒரே அச்சு. தூரத்திலிருந்து பார்த்தே யார் எந்த செமஸ்டர் என்று சொல்லிவிடலாம்.

ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, லைப்சிக்கில் ரயில் மாறி, இரண்டு பெட்டியும் முதுகுப் பையுமாக வந்து சேருபவரைப் பிளாட்பாரத்தில் அண்ணன் எதிர்கொள்வார். முதல் வார்த்தை "வாங்க" இல்லை. "ஜாக்கெட் இவ்வளவுதானா?"

சனிக்கிழமை ராத்திரி வருபவருக்கென்று ரொட்டி, பால், முட்டை வாங்கி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடை திறக்காது என்பதை அண்ணனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் வந்து இறங்கியது ஒரு ஞாயிறு காலை. அம்மா கொடுத்தனுப்பிய மாவடுவை மட்டும் தின்று ஒரு பகலை ஓட்டினார். அண்ணனின் ஞானம் எல்லாமே இப்படி வந்ததுதான். எதில் அடிபட்டாரோ அதில் அவர் வல்லுநர்; எதில் இன்னும் அடிபடவில்லையோ அதில் அதைவிடப் பெரிய வல்லுநர்.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் அநேகமாக எதுவும் நகராது. ஊரில் கடன் வாங்கி ப்ளாக்டு அக்கவுன்ட்டில் போட்ட 11,904 யூரோவை மாதம் 992 என்று பிரித்துத் தருவார்கள். அதற்கும் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். அண்ணன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், கவுன்ட்டர் அம்மாளிடம் "குட்டன் மோர்கன்" என்று தொடங்கி ஜெர்மனில் ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்துவிடுவார். அந்த மொழியில் வினைச்சொல் பல சமயம் கடைசியில்தான் வரும். அண்ணனுக்கு வருவதே இல்லை. அம்மாள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார். வெளியே வந்ததும், "நாம ஜெர்மன்ல பேசுனதாலதான் இவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டாங்க" என்பார் அண்ணன். அவர் ஜெர்மன் மொழியில் ஏ1 நிலை முடித்தவர். பி1 "போயிட்டிருக்கு". எங்கே என்று கேட்கக் கூடாது.

குப்பையில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. மஞ்சளில் பிளாஸ்டிக்கும் டப்பாவும், நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறித் தோல், கறுப்பில் மற்றதெல்லாம். கண்ணாடி பாட்டிலுக்குத் தெருவில் தனித் தொட்டி. அதிலும் வெள்ளை வேறு, பச்சை வேறு, பழுப்பு வேறு. ஞாயிறன்று போடக் கூடாது, சத்தம் கேட்கும். டீ பேக்கை எதில் போடுவது என்று ஒருத்தன் தெரியாமல் கேட்டுவிட்டான். நூல், காகிதம், தூள், பின் என்று அண்ணன் பிரித்துக் காட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஒருமுறை அவர் தொட்டி மாற்றிப் போட்டதை எதிர் ஜன்னல் பாட்டி பார்த்துவிட்டாராம். இறங்கி வந்து, அதை எடுத்துச் சரியான தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டார். ஜெர்மானியர் ஒருவரோடு அண்ணனுக்கு நேர்ந்த மிக நெருங்கிய பழக்கம் அதுதான். ஆனாலும் "ஜெர்மன்காரன் எப்படின்னா..." என்று அவர் ஆரம்பித்தால் முடிய அரை மணி நேரம் ஆகும்.

பிறகு சமையலறைச் சட்டங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி கூடாது, ஞாயிறு முழுக்கவும் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சட்னி சனிக்கிழமையே அரைபட்டுவிடும். கடுகு வெடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடைக்கூடத்துப் புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து, விடுதி முழுவதும் இரவு உடையோடு தெருவில் நிற்கும். மே மாதம் நின்றது. காரணம் யார் என்று அண்ணன் சொல்வதில்லை. காரணம் வத்தக்குழம்பு என்று மட்டும் சொல்வார்.

காசு விஷயத்தில் அவர் வேதாந்தி. "எதையும் ரூபாயில பெருக்காத தம்பி, பைத்தியம் பிடிச்சிரும்" என்பார். டோனர் கபாப் கடை விலைப்பலகை முன்னால் உதடு அசையாமல் தானே நூறால் பெருக்கிவிட்டு, "இன்னிக்கு வீட்லயே ரசம் வெச்சுக்கலாம்" என்று திரும்பிவிடுவார். பிளாஸ்டிக் பாட்டிலும் கேனும் ஒன்றுக்கு 25 சென்ட். கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் காசாக்கலாம். அண்ணன் பர்ஸில் நோட்டைவிட அந்தச் சீட்டுகள் அதிகம்.

அவருடைய உண்மையான சாம்ராஜ்யம் அம்மாக்களிடம்தான். கரூர், தென்காசி, ஆம்பூர் என்று எல்லா அம்மாக்களின் போனிலும் அவர் எண் இருக்கிறது. பையன் எடுக்கவில்லை என்றால் அடுத்த அழைப்பு அண்ணனுக்கு. "சாப்பிட்டானாப்பா?" "சாப்பிட்டாம்மா, பக்கத்துலதான் இருக்கான், நூலகத்துல படிச்சிட்டிருக்கான்." பையன் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். அண்ணனுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் கூப்பிடும்போதெல்லாம் லைன் பிஸி.

அப்பாக்கள் தேர்வு முடிவுக் காலத்தில் வருவார்கள். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தப்பித்தது, 5.0 என்றால் போயிற்று. மகன் "ஒன்னு புள்ளி மூணு" வாங்கிய சேதி கேட்டு இரவெல்லாம் தூங்காத ஓர் அப்பா, விடிந்ததும் அண்ணனைப் பிடித்தார். அண்ணன் முறையை விளக்கினார். அப்பாவுக்கு உயிர் வந்தது. "நீங்க எவ்வளவு தம்பி?" "எனக்கு மூணு புள்ளி ஏழு அங்கிள்." கணக்கு அவருக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. "சூப்பர் தம்பி, உங்களை மாதிரி அவனும் வரணும்" என்றார்.

வேலை விஷயமும் இப்படித்தான். மாணவர் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்ற சட்டம் அண்ணனுக்கு மனப்பாடம். வேலைதான் இன்னும் அமையவில்லை. "சி.வி.யை எனக்கு அனுப்பு, திருத்தித் தரேன்" என்பார். நன்றாகவே திருத்துவார். அந்த சி.வி.க்கு வேலையும் கிடைத்துவிடும், ஜூனியருக்கு.

முதல் வாரக் கடைசியில் ஊர் சுற்றிக் காட்டுவார். கெம்னிட்ஸில் சுற்றிக் காட்ட முதலில் இருப்பது ஒரு தலை. 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்றுதான் பெயர். சோவியத் சிற்பி லெவ் கெர்பெல் செய்து 1971-இல் திறந்த மார்க்ஸின் வெண்கலத் தலை, ஏழு மீட்டர் உயரம், நடுத்தெருவில் தாடியோடு இன்னும் நிற்கிறது. அதன் அடியில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டே, "இவர் பொறந்தது இங்கதான்" என்றார் அண்ணன். திருவாரூர்ப் பையன் ஒருவன், தாத்தா கட்சிக்காரர், மெதுவாகக் கேட்டான்: "ட்ரியர்ல இல்லைங்களாணா?" அண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அந்தக் காலத்துல."

இத்தனைக்கும், அக்டோபர்க் குளிரில் ரயிலடியில் நிற்க வேறு ஆள் கிடையாது. முதல் நாள் டிக்கெட், சிம் கார்டு, பழைய மெத்தை, அந்தச் சனிக்கிழமை ரொட்டி எல்லாம் அவர் கைக்காசு. "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்பார். கேட்க மாட்டார்; கேட்டால் அண்ணன் பதவி என்னாவது? அவருக்கும் மாதம் அதே 992 தான் வருகிறது. எனவே அடுத்த அக்டோபரில் புறப்படுகிறவர்களே, கணக்குப் போட்டு நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். பாட்டில் சீட்டாக மட்டும் வேண்டாம். அது அவரிடமே நிறைய இருக்கிறது.