தொண்ணூறு அடி ரோடும் ஒரு கட்டு வாழையிலையும்

1896-ல் பம்பாய்க்கு பிளேக் வந்தது. துரைமார்கள் எலியைப் பிடித்தார்கள், ஆளைப் பிடித்தார்கள், ஒன்றும் அடங்கவில்லை. கடைசியில் ஸ்கேலைப் பிடித்தார்கள். 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. காற்று வரட்டும் என்று தாதர், மாட்டுங்கா பக்கம் அகல ரோடும் பூங்காவும் போட்டார்கள். காற்று வந்தது. பின்னாலேயே நம்மாட்களும் வந்தார்கள். காற்று முருங்கைக்காய் கேட்காது, காப்பித்தூள் கேட்காது, நம்மாட்கள் கேட்பார்கள். கடைகள் முளைத்தன. துரையின் வரைபடத்தில் மூக்குக்கு இடமிருந்தது, மூட்டைக்கு இல்லை.

அவர்கள் பரம்பரையே அப்படி. 1869-ல் கிராஃபோர்டு மார்க்கெட் கட்டி, வாசலுக்கு மேலே உழவர்களைச் செதுக்கி வைத்தார்கள். செதுக்கியவர் ருட்யார்டு கிப்ளிங்கின் அப்பா. அந்தக் கல் உழவர்கள் இன்றுவரை யார் வழியையும் மறித்ததில்லை. கூடையும் வண்டியுமாக வந்த நிஜ ஆட்களோடுதான் எப்போதும் தகராறு.

தாராவியில் கூச்சமே இல்லாமல் அளவையே பெயராக வைத்தார்கள்: அறுபது அடி ரோடு, தொண்ணூறு அடி ரோடு. போய்ப் பாருங்கள். கடைக்காரரின் ஸ்டூல், தள்ளுவண்டி, சரக்கு இறக்கும் டெம்போ என்று ஆளுக்குக் கொஞ்சம் அடியை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் நாம் நடக்கிறோம். நெல்லைக்காரர்கள் இங்கே தோல் பதனிட்ட காலத்தில் ஆடு மாடு அறுக்கும் இடம் பக்கத்திலே பாந்த்ராவில் இருந்தது. 1971-ல் அதைச் செம்பூரைத் தாண்டித் தேவனாருக்குக் கொண்டுபோனார்கள். ஊர் நாற்றம் குறைந்தது. தோலுக்குப் பயணம் கூடியது.

இதில் ருசி கண்டவர்கள் 1996-ல் காய்கறி மொத்த மார்க்கெட்டையே கடற்கழிக்கு அந்தப் பக்கம், வாஷிக்கு அனுப்பினார்கள். தென் பம்பாய் மூச்சு விட்டது. கத்தரிக்காய்க்குத்தான் மூச்சு வாங்கியது. வாஷியில் இறங்கி, வேறு டெம்போவில் ஏறி, பாலம் தாண்டி, மான்கூர்ட், செம்பூர், சயான் என்று சிக்னல் சிக்னலாக நின்று மாட்டுங்கா வருகிறது. அங்கே வந்தால் நிற்க இடமில்லை. செம்பூர் மாமி ஒரு முழம் மல்லிகைக்காகக் காரிலேயே வந்து, அதைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். திட்டம் போட்டவர்கள் சாமான் வாங்குகிறவரையாவது கொஞ்சம் நினைத்தார்கள். சாமான் எப்படி வரும்? சாமியே கொண்டுவந்து கொடுக்கும் என்று நம்பியிருப்பார்கள்போல.

அடுத்த முறை மாட்டுங்காவில் இலைக்கட்டு இறக்கும் டெம்போ வழியில் நின்றால், தயவுசெய்து ஹார்ன் அடிக்காதீர்கள். மத்தியானம் நீங்கள் சாப்பிடப்போகும் இலை அதில்தான் இருக்கிறது.